நன்றியுரை சிவக்கொழுந்து

எங்கள் கழகத்தில் நன்றியுரை என்பது யாரும் அடிபட்டு வாங்குகிற பதவி அல்ல. வரவேற்புரைக்கு அடிபிடி. தலைமையுரைக்கு ஆள் நிரந்தரம். குத்துவிளக்கு ஏற்றுவதற்கு ஒரு திரிக்கு இரண்டு பேர் என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் நன்றியுரை வரும்போது சபையில் பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள், பிரதம விருந்தினர் கார்ச் சாவியைத் தேடுவார், பின்னால் பொரித்த ரோல்ஸ் தட்டுகள் வெளியே வரத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மைக்குக்கு முன்னால் நின்று கதைப்பதற்கு ஒன்றில் பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவக்கொழுந்து அக்காவாக இருக்க வேண்டும்.

கழகம் என்று நான் சொல்வது வெள்ளவத்தை அன்னபூரணி மாதர் சேவைக் கழகத்தை. தலைவி மிஸிஸ் கனகசபாபதி. அவருக்கு என்று சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், நான் கேட்டதில்லை. கணவர் அரசாங்கத்தில் பெரிய கதிரையில் இருந்தவர். அந்தக் கதிரையின் பாதி தன்னுடையது என்பது மிஸிஸ் கனகசபாபதியின் நம்பிக்கை. ஒவ்வொரு வருடமும் கழகத்தில் தேர்தல் நடக்கும். ஒவ்வொரு வருடமும் அவர் "எனக்கு வேண்டாம், இளம் ஆக்கள் வரட்டும்" என்பார். நாங்கள் மன்றாடுவோம். அவர் கண் கலங்கி ஏற்றுக்கொள்வார். ஒரு வருடம் மன்றாடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை.

நாங்கள் செய்த சேவைகளைச் சும்மா சொல்லக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து சனம் சிதறிக் கொழும்புக்கு வந்து லொட்ஜுகளில் அடைந்து கிடந்த காலம். நாங்கள் பால்மா கொடுத்தோம். ஒரு பால்மா பைக்கற்றை எத்தனை கைகள் பிடிக்கலாம் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் படங்களைப் பார்த்தால் தெரியும். வாங்குகிற பெண்ணின் முகம் தெரியாமல் போனாலும் கொடுக்கிறவர்கள் எல்லோருடைய முகமும் தெளிவாக விழ வேண்டும். ஒருமுறை படம் சரியாக வராததால் கொடுத்த பைக்கற்றைத் திருப்பி வாங்கி மறுபடியும் கொடுத்தோம். அந்தப் பெண் இரண்டாவது முறையும் நல்ல பிள்ளையாகச் சிரித்தாள்.

கூட்டங்கள் நடப்பது காலி வீதியில் உம்மு குல்தூம் அவர்களின் புடைவைக் கடை மாடியில். அவர் உப தலைவி. எல்லா இனத்தவருக்குமான கழகம் என்று மேடையில் சொல்வதற்கு அவரைக் காட்டுவோம். அவருக்கு அது தெரியாமல் இல்லை. "என்னய நீங்க எடுத்தது எதுக்கின்டு எனக்குத் தெரியும்," என்று முகத்துக்கு நேரே சிரிப்பார். "எங்கட கட மாடியத்தான் நீங்க மெம்பராச் சேத்தீங்க. நான் அதோட வந்தவ." மாடிக்கு அடுத்தபடியாக எங்களுக்கு அவர் தேவைப்பட்டது அவருடைய சிங்களத்துக்கு. பொலிஸ், மாநகரசபை, மின்சாரக் கந்தோர், எங்கே போனாலும் அவரைத்தான் முன்னுக்குத் தள்ளுவோம்.

நான் உப செயலாளர். தேநீர் வந்துவிட்டதா என்று பார்க்கிற ஆளுக்கு எங்கள் கழகச் சட்டமான யாப்பில் அதுதான் பெயர். ஊரில் ஆசிரியை, கொழும்பில் பாமன்கடையில் ஒரு அறைக்காரி. வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்குவதற்கு எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு ஒன்று கைப்பையில் இருக்கும்வரைதான் நான் சட்டப்படி மனுஷி.

இனிச் சிவக்கொழுந்து அக்கா. கொக்குவிலில் பிறந்து, ரெயில்வேயில் வேலை பார்த்த சண்முகலிங்கத்தைக் கட்டி, ரெயில்வே குவாட்டர்ஸில் குடும்பம் நடத்தியவர். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்களோடு வேலிக்கு மேலால் தேங்காயும் கறிவேப்பிலையும் மாற்றிக்கொண்டே அரைகுறைச் சிங்களம் பழகியவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அகதியாகக் கப்பலில் ஊருக்குப் போய், அங்கே கணவரை இழந்து, திரும்பவும் கொழும்புக்கு வந்து, ஹம்டன் லேனில் கணவரின் சேமிப்பில் வாங்கிய இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார். ஒரே மகன் யோகநாதன். கனடாவில் வின்னிபெக் என்ற நகரத்தில் இருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியாம், பனிக்காலத்தில் வெளியே போனால் மூக்கு விறைத்துவிடுமாம். அக்கா வெள்ளவத்தை வெக்கையில் வழிகிற வியர்வையைத் துடைத்துத் துடைத்து அந்த மூக்குக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். மூக்குக்கு எப்படித் தொப்பி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவருடைய நன்றியுரையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மறக்க விடவும் மாட்டார். பிரதம விருந்தினரில் தொடங்கி, அவரை ஏற்றிவந்த சாரதிக்கு வந்து, கதிரை வாடகைக்குத் தந்த ஸவாஹிர் நானாவுக்கு வந்து, அந்தக் கதிரைகளை மாடிக்குத் தூக்கிய பொடியன்களுக்கு வந்து, ரோல்ஸ் பொரித்தவருக்கு வந்து, அன்று பின்னேரம் மின்சாரத்தை வெட்டாமல் விட்ட மின்சார சபைக்கு வந்து நிற்பார். முடிந்ததாக்கும் என்று நாங்கள் கைதட்டினால், "அடுத்ததாக..." என்பார். ஒரு நவராத்திரி விழாவில், "எங்கள் குத்துவிளக்கைச் சோதனைச் சாவடியில் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டும் குறையாமல் திருப்பித் தந்த இராணுவச் சகோதரர்களுக்கும்" என்று நன்றி சொன்னார். மிஸிஸ் கனகசபாபதிக்கு வியர்த்துக் கொட்டியது. சபையில் யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காவோ கிண்டல் செய்யவே இல்லை. உண்மையிலேயே நன்றி சொன்னார்.

"ஏன் அக்கா இப்பிடி நீட்டுறியள்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஆரையும் விட்டிட்டா எனக்கு நித்திரை வராது பிள்ளை," என்றார். "செய்தவைக்கு, ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைப்பு வந்திடுமல்லோ."

அப்படிப்பட்ட அக்காவைக் கனடாவுக்கு எடுக்க மகன் வருடக்கணக்காக முயற்சி செய்து, ஒருவழியாக எல்லாம் சரிவந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்தது. மருத்துவ சோதனை முடிந்தது. மருமகளுக்குக் குழந்தை கிடைக்க இருந்தது. பாக்கி இருந்தது பொலிஸ் ரிப்போர்ட் ஒன்றுதான். இந்த அம்மா மேல் வழக்கு வம்பு எதுவும் இல்லை என்று எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அக்கா மேல் என்ன வழக்கு இருக்கப் போகிறது? கழகமே மகிழ்ச்சியில் திளைத்தது. பிரிவுபசார விழாவுக்கு நாள் பார்த்து, சரிகை போட்ட பொன்னாடை ஒன்றும் வாங்கி வைத்தோம். அக்கா போனால் இனி விழாக்கள் வேளைக்கு முடியும் என்ற சந்தோஷமும் அதற்குள் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவு பண்பானவர்கள் நாங்கள்.

அந்த நேரத்தில்தான் பொலிஸின் சுற்றிவளைப்பு வந்தது. விடியப்புறம் லொட்ஜுகளைத் தட்டி எழுப்பி, இளம் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது ஒன்றும் புதினமில்லை. வெள்ளவத்தையில் பால்காரனும் பேப்பர்காரனும் வருவதுபோல அதுவும் வந்து போகும். அன்று காலை எங்கள் செயற்குழு கூடியிருந்தது. விழாவுக்கு எந்த நிறச் சேலை என்பது விவாதம். மிஸிஸ் கனகசபாபதி மயில் கழுத்துப் பச்சையில் பிடிவாதமாக நின்றார். அப்போது தட்டித் தடவிப் படியேறி வந்து விழுந்தார் ஒரு அம்மா.

அருந்ததியின் தாய். அருந்ததி எங்கள் தையல் வகுப்புப் பிள்ளை, மீசாலையில் இருந்து வந்தவள். இரண்டாவது முறையும் நல்ல பிள்ளையாகச் சிரித்த அந்தப் பால்மாப் பெண் இவள்தான். தாய்க்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்விக்கக் கொழும்புக்கு வந்து லொட்ஜில் இருந்தார்கள். பொலிஸ் பதிவு முதல் நாளோடு முடிந்திருந்தது. புதுப்பிக்க அன்றைக்குத்தான் போக இருந்தார்களாம். அதோடு அவள் முழங்காலில் ஒரு தழும்பு. சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது. தழும்பு இருந்தால் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவள் என்பது அந்தக் காலத்துப் பொலிஸ் மருத்துவம்.

"கொழும்பில சொந்த வீடு உள்ள ஆராவது வந்து, நான் பொறுப்பு எண்டு கையெழுத்து வைச்சா விடுவினமாம்," என்று தாய் அழுதார். "இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள. இல்லாட்டி மேலிடத்துக்கு அனுப்பிப் போடுவினமாம். அங்க போனா பிறகு எங்க எண்டு தேடுவன்? எனக்குக் கண்ணும் தெரியாது. ஐயோ, உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

மேலிடம் என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. போன பிள்ளைகள் சிலர் வருடங்களுக்குப் பிறகு வந்தார்கள். சிலர் வரவில்லை.

மிஸிஸ் கனகசபாபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது அரசியல் விஷயமல்லோ," என்றார். "எங்கட யாப்பில அரசியல் இல்லை. கவலை தெரிவிச்சு ஒரு தீர்மானம் வேணுமெண்டா நிறைவேற்றலாம்."

"கண்டனமா, கவலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கவலை. கண்டனம் எண்டா பிரச்சினை வரும்."

எனக்கு வந்த கோபத்தில் தேநீர்க் கோப்பையை எறிந்திருப்பேன். அதற்குள் சிவக்கொழுந்து அக்கா மெல்ல எழும்பினார். "பிள்ளை எங்கட படத்தில நிக்கிறாளல்லோ, மிஸிஸ் கனகசபாபதி," என்றார். "பேப்பரிலயும் வந்தது. நாளைக்கு அந்தப் படத்தைப் பாத்திட்டு, ஆர் இந்தப் பொம்பிளையள் எண்டு பொலிஸ் கேட்டா?"

மந்திரம் போட்டதுபோல யாப்பு மாறியது. உடனே ஒரு தூதுக்குழு அமைந்தது. எங்களுக்கு உலகத்தில் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, விழா. ஆகவே இன்ஸ்பெக்டருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பது, அந்தச் சூட்டோடு பிள்ளையைக் கேட்பது என்று முடிவானது. புதிதாகப் பொன்னாடை வாங்க நேரமில்லை, அக்காவின் பொன்னாடையையே எடுத்துக்கொண்டோம். நிகழ்ச்சி நிரலும் போட்டார்கள், என் தலையெழுத்து. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, வேண்டுகோள், நன்றியுரை. தேவாரத்தை மட்டும் பொலிஸ் நிலையம் என்பதால் விட்டுவிட்டோம். இரண்டு ஓட்டோவில் தலைவி, உம்மு குல்தூம், சிவக்கொழுந்து அக்கா, நான், அருந்ததியின் தாய், படம் எடுப்பவர் என்று புறப்பட்டோம். மயில் கழுத்துப் பச்சை இல்லாதவர்களுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது.

பொலிஸ் நிலையத்தில் சனம் வாசல்வரை நின்றது. எங்களைப் பார்த்து ஏதோ பெரிய இடத்து ஆட்கள் என்று வழிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். இரவு முழுவதும் நித்திரை இல்லாத கண்கள். மரியாதையாகக் கதிரை போடச் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மிஸிஸ் கனகசபாபதி இங்கிலிஷில் வரவேற்புரை நிகழ்த்தினார். இன்ஸ்பெக்டரை அவருடைய நிலையத்துக்கே வரவேற்றார்! பிறகு கழகத்தின் வரலாறு. பிறகு பொன்னாடை. மனுஷனுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. போர்வை போல ஒன்றைத் தோளில் போட்டதும் திடுக்கிட்டு எழும்பினார். படம் எடுப்பவர், "சேர், ஸ்மைல்" என்றார்.

சால்வையோடு உட்கார்ந்த இன்ஸ்பெக்டர், உம்மு குல்தூமைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இவர் கேக்கிறார்," என்று உம்மு குல்தூம் எங்கள் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் சரி, யார் கையெழுத்து வெக்கிறதுன்டு. புள்ள அவங்கட ஊட்டுலதான் ஈக்கணும். கெழமைக்கு ஒருக்கா இங்க கூட்டிக்கிட்டு வரணும். புள்ள காணாமப் போனா, கையெழுத்து வெச்சவங்களக் கொண்டுவந்து உள்ளுக்குப் போடுவாராம்."

அவ்வளவுதான். எங்கள் விழாவில் நடுவில் மின்சாரம் போனால் எப்படியோ அப்படி இருந்தது. வேண்டுகோள் என்ற அம்சத்தை யார் நிகழ்த்துவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கவில்லை.

மிஸிஸ் கனகசபாபதி முதலில் இருமினார். "நான் இவரைக் கேக்காமல் ஒண்டும் செய்யிறதில்லை," என்றார். அதாவது, கணவரை. கழகத்தின் தலைவியாகப் பதினெட்டு வருடம் கணவரைக் கேட்காமல்தான் எல்லாம் செய்தவர். "இவருக்கு இப்ப பிரஷரும் இருக்கு. வீட்டில பொலிஸ் எண்டு கேட்டாலே..." மீதியைக் கைக்குட்டைக்குச் சொன்னார்.

உம்மு குல்தூமுக்குச் சிங்களம் ஆறாய்ப் பாயும், தன் விஷயத்தில் தமிழும் தடுமாறியது. "நான் வெச்சா எங்கட லேன்ல உள்ள எல்லா ஊட்டையும் வந்து பொரட்டுவாங்க மிஸிஸ். எங்கட மகன் மர்ஸூக் இப்பத்தான் புதுக் கட தொறந்தீக்கிறான். அல்லாவே, அதயும் மூடிப் போடுவாங்க." பாவம், அவருடைய பயம் பொய்யான பயம் அல்ல. அதை மட்டும் நான் சொல்ல வேண்டும்.

என்னை இன்ஸ்பெக்டர் பார்க்கவேயில்லை. நானே ஒரு பதிவுத் துண்டு. ஒரு துண்டு இன்னொரு துண்டுக்குப் பொறுப்பெடுக்க முடியாது.

தாய் நிலத்தில் இருந்துவிட்டார். சுவரில் கையூன்றி யாருடைய முகம் எங்கே இருக்கிறது என்று தேடினார். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அப்போது சிவக்கொழுந்து அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். நன்றியுரை! நிகழ்ச்சி நிரலில் அடுத்தது அதுதானே. இந்த நேரத்திலா என்று நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"பொஹொம ஸ்துதி மஹத்தயா," என்று தொடங்கினார், ரெயில்வே குவாட்டர்ஸ் சிங்களத்தில். எங்களுக்குக் கதிரை தந்ததுக்கு நன்றி. தண்ணீர் கொண்டுவந்து வைத்த மகனுக்கு நன்றி. அவனைப் பெற்றவளுக்கும் நன்றி. தண்ணீர் வைத்த கான்ஸ்டபிள் நெளிந்தார். உள்ளே பிள்ளைகளோடு இருக்கிற பொம்பிளைப் பொலிஸ் மகளுக்கு நன்றி, அவள் காலையில் பிள்ளைகளுக்குப் பாணும் தேத்தண்ணியும் கொடுத்ததாகத் தாய் சொன்னா. இரவு முழுவதும் கண் முழித்த ஐயாவுக்கு நன்றி, ஐயாவின் வீட்டிலே ஐயாவைப் பார்த்துக்கொண்டிருக்கிற நோனாவுக்கும் நன்றி.

இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்கள் பிரதம விருந்தினர்கள் எல்லோரும் பார்த்த அதே மாதிரி. அக்காவுக்கு அது பழக்கம்.

"கடைசியாக," என்றார் அக்கா, "இந்தப் பிள்ளையை என்னோட அனுப்பப் போகிற ஐயாவுக்கு நன்றி. ஆனால் அதை இப்ப சொல்லி முடிக்க ஏலாது. பிள்ளை முன்னால வந்து நிக்க வேணும். ஆளைப் பாக்காமல் நன்றி சொல்லுறது எங்கட வழக்கமில்லை. பிள்ளை வரும்வரைக்கும் நான் நிக்கிறன். பேனையைத் தாங்கோ."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பிறகு அக்காவின் பெயரைக் கேட்டார், விலாசத்தைக் கேட்டார், யாரையோ கூப்பிட்டு ஒரு ஃபைலை எடுப்பித்தார். சிரிப்புப் போய்விட்டது. உம்மு குல்தூமிடம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

உம்மு குல்தூமின் குரல் இறங்கியது. "சிவக்கொழுந்தக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க. உங்கட கனடா ரிப்போட் இங்கதான் ஈக்காம். ஒண்டும் இல்லாமச் சுத்தமா ஈக்காம், இந்தக் கெழம அனுப்ப ஈந்தவராம். இதுல கையெழுத்து வெச்சா, உங்கட பேர் இந்தப் புள்ளட கேஸோட சேந்திடுமாம். கேஸ் முடியுமட்டும் ரிப்போட் குடுக்க ஏலாதாம். எப்ப முடியுமின்டு அவருக்கே தெரியாதாம். வேணாங்க அக்கா. மகன்ட புள்ளயப் பாக்கப் போங்க."

அக்காவுக்குச் சிங்களம் விளங்கியிருந்தது. தமிழில் இரண்டாம் தரம் கேட்க வேண்டியதாகிவிட்டது, அதுதான் கொடுமை. அவருடைய முகம் சட்டென்று கிழடு தட்டியது. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். போகிறார், இவரும் உட்காரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மிஸிஸ் கனகசபாபதி ஆறுதலாகத் தோளைத் தட்டியிருப்பார்.

"தாங்கோ பேனையை," என்றார்.

கையெழுத்து வைத்த பிறகும் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் சொல்லிப் பார்த்தார், கான்ஸ்டபிள் கதிரையைக் கிட்ட நகர்த்திப் பார்த்தார். இல்லை, நன்றியுரை முடியவில்லை என்று நின்றார். பிள்ளையை வெளியே கொண்டுவந்தார்கள். தலை கலைந்து, வெறுங்காலோடு வந்து, அம்மா என்று தாயின் மேல் விழுந்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து தொடங்கி, நன்றி சொல்லி முடித்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார். நான் தண்ணீரைப் பருக்கினேன்.

அடுத்த கிழமை பத்திரிகையில் படம் வந்தது. "அன்னபூரணி மாதர் சேவைக் கழகத்தின் பெருமுயற்சியால் யுவதி விடுதலை." மிஸிஸ் கனகசபாபதி இன்ஸ்பெக்டருக்குப் பொன்னாடை போர்த்துகிறார். பக்கத்தில் உம்மு குல்தூம். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது, அது சிவக்கொழுந்து அக்காவுடையது. பிரிவுபசார விழா ஒத்திவைக்கப்பட்டது. ஆள் போகாதபோது எதற்குப் பிரிவு, எதற்கு உபசாரம்? அது நியாயம்தானே. பொன்னாடையும் போய்விட்டது. அது மட்டுமல்ல, அக்காவின் வீட்டில் இனிக் கழக வேலை எதுவும் வேண்டாம், பொலிஸ் வந்து போகிற வீடு என்று செயற்குழு தீர்மானித்தது. இந்த முறை கவலைகூடத் தெரிவிக்கவில்லை.

அருந்ததியும் தாயும் அந்த இரண்டு அறை வீட்டில் ஒரு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போவார். காய்ச்சல் என்றாலும் போவார். குண்டு வெடித்து காலி வீதி மூடிக் கிடந்தபோது கடற்கரை ரெயில் பாதை வழியே நடந்து போனார்கள். வழக்கு தவணைக்கு மேல் தவணை போனது. வின்னிபெக்கில் பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். எல்லாம் படத்தில் வந்தது. அக்கா பேத்திக்கென்று தொடங்கிய தொப்பியை அவிழ்த்து அவிழ்த்துப் பெரிதாகப் பின்னிக்கொண்டிருந்தார். கேட்டால், "பிள்ளையின்ர தலை நிண்டு பாத்துக்கொண்டிருக்குமே?" என்பார்.

மகன் முதலில் ரெலிபோனில் கத்தினான். பிறகு, "சரி அம்மா, வழக்கு முடியட்டும், பிறகு பாப்பம்" என்றான். அந்தப் "பிறகு பாப்பம்" என்ற சொல்லை அக்கா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்ததுபோல வைத்திருந்தார்.

ஒருநாள் வழக்கு முடிந்தது. சாட்சியம் எதுவும் இல்லையாம், விடுதலையாம். தழும்பு கிணற்றடியில் விழுந்ததுதான் என்பதை அரசாங்கம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. அருந்ததி அக்காவின் காலில் விழுந்தாள். அக்கா அவளைத் தூக்கிவிட்டு, செருப்பைக் கொழுவிக்கொண்டு, "வா பிள்ளை" என்று என்னைக் கூட்டிக்கொண்டு நேரே காலி வீதிக் கொமினிகேஷனுக்கு வந்தார். வெள்ளவத்தையில் பாதிச் சனம் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்கிற கண்ணாடிக் கூண்டு அது. உள்ளே ஒருவர்தான் நிற்கலாம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி! முடிஞ்சுதடா! இனி ரிப்போட் தருவினம்!" என்றார் அக்கா. அப்படிச் சத்தமாக அவர் மைக்கில்கூடக் கதைத்ததில்லை.

பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். "ஓம்," என்றார். "ஓம் தம்பி." பிறகு, "எப்ப வந்தவ?" என்றார். "நல்லது. பிள்ளையைப் பாக்க ஆள் வேணுந்தானே... ஓம், அவவும் பேத்தி எண்டு ஆசைப்படுவாதானே... கடதாசியள் திரும்ப முதலில இருந்தோ?... ஓம், வீட்டிலயும் இடம் காணாதுதானே."

எனக்கு விளங்கிவிட்டது. மருமகளின் தாயை எடுத்துவிட்டான். அக்காவை இனி எடுப்பதென்றால் எல்லாக் கடதாசியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், வீட்டிலும் இடமில்லை. அடேய் யோகநாதா, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? ரிசீவரைப் பறித்து நாலு கிழி கிழிக்கலாம் என்று கை பரபரத்தது.

அந்தப் பக்கத்திலிருந்து அவன் ஏதோ நீளமாகக் கேட்டான். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

"அருந்ததியோ? ஒருத்தருமில்லைத் தம்பி. அவள் எனக்கு ஒருத்தருமில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆரும் இருந்திருந்தா, அவை வந்து கையெழுத்து வைச்சிருப்பினம். நான் உன்னட்டை வந்திருப்பன்."

வைத்துவிட்டு வெளியே வந்தார். நடைபாதையில் இரண்டடி வைத்தவர், மரக்கறிக் கடைக்கு முன்னால் சனங்களுக்கு நடுவில் நின்று, "எனக்கு என்ர பேத்தியை ஒருக்காத் தூக்க வேணும் போல கிடக்கு பிள்ளை," என்று வாய்விட்டு அழத் தொடங்கினார். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த ஆள் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.